கர்ப்புனா நிப்பாட்டுறது இல்ல

இங்கிலீஷ் நியூஸ் ஏஜென்சி அனுப்பற செய்தியைத் தமிழ்ப்படுத்துற வேலைல இருக்கறவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் தினமும் மல்லுக்கட்டுற ஒரு வார்த்தை இருக்கும், எனக்கு அது 'கர்ப்' (curb). நாலே எழுத்து, தலைப்புல இடத்தை அடைக்காது, அதனால இங்கிலீஷ் டெஸ்க்காரங்களுக்கு அது மேல தனிப் பிரியம். அரிசி ஏற்றுமதிக்கு கர்ப், பட்டாசுக்கு கர்ப், கூட்டுறவு பேங்குக்கு ரிசர்வ் பேங்க் போட்ட கர்ப், கொரோனா காலத்துல கேக்கவே வேணாம், ரெண்டு வருஷம் காலைல எந்திரிச்சா கர்ப் தான். (போன்ல இதை டைப் பண்ணா கீபோர்டு 'கர்ப்பம்'னு முடிச்சு வைக்குது, அது வேற பஞ்சாயத்து.)

நம்ம கைல இருக்கற சரக்கு என்னன்னா கட்டுப்பாடு, தடை, கெடுபிடி, கிடுக்கிப்பிடி, கொஞ்சம் ஸ்டைலா வேணும்னா கடிவாளம். இதுல எதை எங்க போடறதுங்கறதுல தான் சிக்கல் ஏன்னா ஏஜென்சிக்காரன் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுட்டு போயிடுவான், உள்ள நடந்தது என்னன்னு நாம தான் தோண்டி பாக்கணும். அரிசி கதையையே எடுத்துக்கங்க. 2022 செப்டம்பர்ல மத்திய அரசு குருணை ஏற்றுமதியை நிறுத்துச்சு. 2023 ஜூலை 20ம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்குத் தடை போட்டுச்சு. அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ஆகஸ்ட் 25ம் தேதி புழுங்கலரிசிக்கு 20 சதவீதம் ஏற்றுமதி வரி விதிச்சுச்சு. மூணுக்குமே இங்கிலீஷ்ல 'ரைஸ் கர்ப்ஸ்'னு தான் வந்துச்சு. ஆனா முதல் ரெண்டும் கதவை இழுத்து மூடினது, மூணாவது மட்டும் தான் கதவைத் திறந்து வெச்சுட்டு வாசல்ல சுங்கம் வாங்கினது. இட்லி அரிசி ஏத்துற ஆளுக்கு இந்த வித்தியாசம் வாழ்வா சாவா பிரச்சனை, கப்பல் போகுமா போகாதாங்கறது தான் அவருக்கு நியூஸே. அமெரிக்காவுல நம்மாளுங்க அந்த ஜூலைல இந்தியன் ஸ்டோர் முன்னாடி வரிசை கட்டி சோனா மசூரி மூட்டையைத் தூக்கிட்டு போனாங்களே, அது தடைக்குப் பயந்து போனது, வரிக்கு யாரும் அப்படி ஓடல. 2024 செப்டம்பர் கடைசில வெள்ளை அரிசித் தடை போச்சு, புழுங்கல் வரி பாதியாச்சு, அக்டோபர்ல வரியும் போச்சு, அதுக்கும் தலைப்பு 'கர்ப்ஸ் ஈஸ்டு' (curbs eased, தளர்ந்துச்சுன்னு) தான்.

என் கட்சி என்னன்னா முதல் ரெண்டுக்கும் கர்ப்ங்கற வார்த்தையே தப்பு. ஓடிட்டு இருக்கற ஒண்ணு ஓடிட்டே இருக்கணும், ஆனா நாம சொல்ற அளவுல ஓடணும், அதுக்குத் தான் கர்ப். இதை நானா சொல்லல, அந்த வார்த்தை பொறந்த இடமே அதைத்தான் சொல்லுது. பொறந்த இடம் குதிரையோட வாய்.

லத்தீன்ல 'குர்வாரே'ன்னா வளைக்கிறது, கர்வ்ங்கற வார்த்தையும் அங்கேர்ந்து வந்தது தான். அது பிரெஞ்சுல கூர்பேன்னு ஆகி 1400களோட கடைசில இங்கிலீஷுக்குள்ள நுழையும்போது அதுக்கு அர்த்தம் ஒரு குறிப்பிட்ட வகை கடிவாளத்துல தாடைக்கு அடில போற பட்டை இல்லன்னா சங்கிலி. குதிரை வாய்ல முன்பல்லுக்கும் கடவாய்ப்பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாம வெறும் ஈறா ஒரு இடைவெளி இருக்கும், கடிவாளத்தோட இரும்பு உக்கார்றது அங்க தான். சாதாரணக் கடிவாளத்துக்கு ஸ்னாஃபிள்னு பேரு, அதுல லகான் நேரா வாய் ஓரத்துல இருக்கற வளையத்துல மாட்டியிருக்கும், நீங்க எவ்வளவு இழுக்கறீங்களோ அவ்வளவு தான் குதிரைக்குப் போகும். கிண்டி ரேஸ் குதிரைங்க வாய்ல பொதுவா இருக்கறது இந்த ரகம் தான். கர்ப் ரகம் வேற மாதிரி. அதுல வாய்க்கு ரெண்டு பக்கமும் கீழ் நோக்கி ஒரு கை நீட்டிட்டு இருக்கும், லகான் அந்தக் கையோட அடில மாட்டியிருக்கும், மேல் முனைகளை இணைச்சு ஒரு சங்கிலி தாடைக்கு அடியில இருக்கற பள்ளத்துல போகும். லகானை இழுத்தா மொத்த இரும்பும் நெம்புகோல் மாதிரி திரும்பி, சங்கிலி இறுகி, கீழ்த்தாடை இரும்புக்கும் சங்கிலிக்கும் நடுவுல மாட்டிக்கும். அதே நேரத்துல காதுக்குப் பின்னாடி தலைப்பட்டையும் அழுத்தும். கீழ்க்கை மேல்க்கையை விட மூணு மடங்கு நீளம்னா உங்க கையோட பலமும் மூணு மடங்காகி போய்ச் சேரும்.

அப்போ குதிரை என்ன பண்ணும்? நிக்காது, கழுத்தை வளைச்சு முகவாயை உள்ள இழுத்துக்கும். வளைக்கிறதுங்கற அந்தப் பழைய லத்தீன் இங்க தான் வந்து நிக்குது. ஓட்டறவன் உடனே கையைத் தளர்த்தணும், சங்கிலி லூஸாகணும், குதிரை அதே வளைவோட தொடர்ந்து நடக்கணும், இது தான் முழு வேலை. லூஸ் பண்ணாம தொங்கினா குதிரை மரத்துப் போய் அடுத்த தடவை மதிக்காது. குதிரைப்படைக்காரன் இதை விரும்பினதுக்குக் காரணம் ஒரு கைல லகான் போதும், இன்னொரு கை வாளுக்கு ஃப்ரீ. அமெரிக்க கௌபாய்க்கும் அதே கணக்கு, அந்தக் கைல கயிறு. குதிரையைப் பழக்கி விதவிதமா நடக்க வெச்சுக் காட்டற டிரெஸ்ஸாஜ் போட்டில உச்சகட்ட லெவல்ல ஆடறவங்க ரெண்டு இரும்பையும் ஒரே வாய்க்குள்ள வெச்சு நாலு லகான் பிடிப்பாங்க, விரல் விளையாட்டு தான் அது. முள்ளு வெச்ச கடிவாளம்னு ஒரு கொடுமை வண்டிக் குதிரைங்களுக்கு நம்மூர்ல மாட்டுவாங்க, அது இந்த ரகத்துல சேராது, அது வெறும் ரத்தக்காயம். 1965லயே மத்திய அரசு விதி போட்டு அதைத் தடை பண்ணியிருக்கு, ஆனாலும் அப்பப்போ பறிமுதல் பண்ணிட்டே தான் இருக்காங்க.

இந்த இடத்துல ஒரு சந்தோஷமான கிளைக்கதை. தாடைக்கு அடில போற அந்தச் சங்கிலி குதிரைத் தோலைக் கிள்ளிடக் கூடாது, அதனால ஒவ்வொரு வளையத்தையும் லேசா முறுக்கி மொத்தச் சங்கிலியும் தட்டையா படியற மாதிரி செய்வாங்க. மாட்டும்போதும் முறுக்கிப் பாத்து தட்டையா வந்ததுக்கு அப்புறம் தான் கொக்கில போடணும். அந்த டிசைன் அப்படியே நகைக் கடைக்குப் போயிடுச்சு. ஆம்பளைங்க போடற தட்டை வளையச் செயின் இருக்கே, கேட்லாக்ல 'கர்ப் செயின்'னு போட்டிருக்கும், அது இதே தான். ஹிப்ஹாப் பாடறவங்க கழுத்துல கயிறு கனத்துக்குத் தொங்கற கியூபன் செயினும் இதோட குடும்பம். தி.நகர்ல எட்டு பவுன்ல வாங்கி மாப்பிள்ளை கழுத்துல போட்டு விடறோம், அது முதல்ல எதோட தாடைல இருந்ததுன்னு மாமனார் யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, தெரிஞ்சா சிலர் இன்னும் சந்தோஷமா போடுவாங்க.

குதிரை சமாச்சாரம் இப்படிப் போய்ட்டு இருக்கும்போதே அதே வார்த்தை வேற பக்கமும் கிளை விட்டுச்சு. வளைஞ்சு சுத்தி வர்ற எந்த விளிம்புக்கும் கர்ப்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, குறிப்பா கிணத்து வாயைச் சுத்திக் கட்டற கட்டுக்கு. இந்த அர்த்தம் இங்கிலாந்துல வழக்கொழிஞ்சு போன மாதிரி தான், ஆனா நம்மூர் சிவில் இன்ஜினியர் கிட்ட கேட்டா டக்குனு சொல்லுவாங்க. ஆத்துப் பாலத்துக்கு கிணறு மாதிரி அஸ்திவாரம் இறக்குவாங்க இல்லையா, மணலை உள்ளேர்ந்து தோண்டத் தோண்ட அந்த உருளை தன் கனத்துலயே கீழ எறங்கும், அதோட அடிவிளிம்புல ஆப்பு வடிவத்துல ஒரு வளையம் இருக்கும், அதுக்கு பேரு வெல் கர்ப். மேல வாய்ல இருந்த பேரு எப்படியோ அடிக்குப் போயிடுச்சு. பாடப் புத்தகத்துல இன்னிக்கும் அது தான் பேரு, பரீட்சைல படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொல்லுவாங்க.

கிணத்துலேர்ந்து தெருவுக்கு வந்துச்சு. நடைபாதை ஓரத்துல அடுக்கற கல்லுக்கும் அதே பேரு. இங்க தான் ஸ்பெல்லிங் தகராறு. அமெரிக்காக்காரன் எல்லாத்துக்கும் சி-யு-ஆர்-பி. பிரிட்டிஷ்காரன் தெருக் கல்லுக்கு மட்டும் கே-இ-ஆர்-பி, கட்டுப்படுத்தறதுக்கு சி-யு-ஆர்-பி. சொல்றது ரெண்டும் ஒரே மாதிரி தான். நம்ம பள்ளிக்கூட இங்கிலீஷ் பிரிட்டிஷ் வழி, ஆபீஸ் இங்கிலீஷ் அமெரிக்க வழி, அதனால ஒரே டெண்டர்ல ரெண்டும் கலந்து கிடக்கும். செலவைக் குறைக்கிறதுக்கு கே போட்டு எழுதற ஆளுங்களை மட்டும் எனக்குத் தாங்காது, அது எந்த ஊர்லயும் சரி இல்ல.

தெருக் கல்லு என்ன வேலை செய்யுதுன்னு யோசிச்சா அதுவும் குதிரைச் சங்கிலி வேலை தான், வண்டியை நிப்பாட்டாது, இந்தக் கோட்டுக்குள்ள போன்னு சொல்லும். மழைத்தண்ணியையும் ஓரமா ஓட விடும். சான் பிரான்சிஸ்கோல இது ரெண்டும் ஒண்ணா சேர்ந்த ஒரு சட்டம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த ஊரு பூராவும் மேடு பள்ளம், மூணு சதவீதத்துக்கு மேல சரிவு இருக்கற தெருவுல வண்டியை நிறுத்தினா முன்சக்கரத்தைத் திருப்பி கல்லு மேல சாய்ச்சு வெக்கணும், இல்லன்னா டிக்கெட் தான். இறக்கத்துல கல்லு பக்கமா திருப்பணும், ஏத்தத்துல கல்லுக்கு எதிர்ப்பக்கமா. பிரேக் விட்டுப் போனாலும் வண்டி உருண்டு கல்லுல முட்டி நின்னுடும். இதுக்கு அந்த ஊர்ல சொல்றது 'கர்ப் யுவர் வீல்ஸ்'. கல்லும் அதே, கட்டுப்படுத்தறதும் அதே, ஒரே வினைச்சொல்லுக்குள்ள ரெண்டும் உக்காந்திருக்கு. அங்க டிரைவிங் டெஸ்ட் எழுதின நம்மாளுங்களுக்கு இன்னொரு தலைவலியும் ஞாபகம் வரும், கலிபோர்னியால கல்லுக்கு அடிக்கிற பெயிண்டுக்கு ஒவ்வொரு அர்த்தம். சிவப்புன்னா நிக்கவே கூடாது, மஞ்சள்னா சரக்கு ஏத்தி இறக்க, வெள்ளைன்னா ஆளை இறக்கிட்டு கிளம்பு, பச்சைன்னா கொஞ்ச நேரம், நீலம்னா மாற்றுத்திறனாளிகளுக்கு. நம்மூர்ல கருப்பு வெள்ளை மாத்தி மாத்தி அடிச்சிருப்போம், ராத்திரில கண்ணுக்குத் தெரியும், பார்க்கிங் விஷயத்துல அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, பக்கத்துல ஆட்டோ நிக்கும்.

நியூயார்க்ல பழைய போர்டு ஒண்ணு, 'கர்ப் யுவர் டாக்'. 1930கள்லேர்ந்து இருக்கு. புதுசா போறவங்க பாத்தா உங்க நாயை அடக்கி வைங்கன்னு தான் புரிஞ்சுப்பாங்க, குலைக்காம கடிக்காம பாத்துக்கோன்னு. உண்மைல அதோட அர்த்தம், நாய் ஆய் போற மாதிரி இருந்தா நடைபாதைலேர்ந்து இழுத்துட்டு வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓரமா விடு, துப்புரவு வண்டி வந்து அள்ளிடும். 1978 ஆகஸ்ட் 1லேர்ந்து நாய்க்காரங்களே அள்ளணும்னு சட்டம் வந்துடுச்சு, அதோட போர்டுக்குப் பாதி அர்த்தம் போச்சு, ஆனா போர்டு போகல. இப்போ அந்த ஊர்க்காரங்கள்லயே பாதிப் பேர் அடக்கி வைன்னு தான் படிக்கிறாங்க.

ஆனா நியூயார்க்ல இந்தக் கல்லோட பெரிய கதை நாயும் இல்ல வண்டியும் இல்ல, பணம். பெரிய ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் உள்ள சேத்துக்காத சின்னக் கம்பெனி பங்கையெல்லாம் வெளிய பிராட் ஸ்ட்ரீட் நடுவுல நின்னு வித்துட்டு இருந்தாங்க, மழையோ பனியோ வெயிலோ தெருவுல தான். அவங்களுக்குப் பேரே கர்ப் புரோக்கர்ஸ். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு இடம், இந்த லைட் கம்பத்துக்கிட்ட இந்தக் கம்பெனின்னு. ரெண்டு பக்கக் கட்டடத்துலயும் ஜன்னல்ல கிளார்க்குங்க போனைக் காதுல வெச்சுட்டு பாதி உடம்பு வெளிய தொங்க உக்காந்திருப்பாங்க, ஆர்டர் வந்தா கீழ இருக்கற தன் ஆளுக்குக் கை ஜாடை. கூட்டத்துல தன் ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதுக்காகவே புரோக்கருங்க கண்ணைப் பறிக்கிற கலர்ல தொப்பி போடுவாங்க. ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரு பூரா கலர் கலரா தொப்பி. இது பல வருஷம் நடந்துருக்கு, கற்பனை பண்ணிப் பாக்கவே நல்லா இருக்கு.

1921 ஜூன்ல இவங்க எல்லாரும் டிரினிட்டி பிளேஸ்ல சொந்தக் கட்டடத்துக்குள்ள போனாங்க. போனவங்க விட்டுட்டா போனாங்க? உள்ளயும் வியாபாரம் நடக்கற இடத்தைக் குறிக்க தெரு லைட் கம்பம் மாதிரியே செஞ்சு வெச்சாங்க, கை ஜாடையும் உள்ள வந்து அப்புறமும் பல வருஷம் தொடர்ந்துச்சு. பேரும் கூடவே வந்துச்சு, முதல்ல நியூயார்க் கர்ப் மார்க்கெட், 1929ல நியூயார்க் கர்ப் எக்ஸ்சேஞ்ச். கூரைக்குக் கீழ வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆனதுக்கு அப்புறம் 1953ல தான் கௌரவமா அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்னு மாத்திக்கிட்டாங்க. லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச்லயும் இதே பேர் பொழைச்சிருக்கு. செம்பு, ஈயம், துத்தநாகம் ஒவ்வொண்ணுக்கும் வட்டமா உக்காந்து அஞ்சு நிமிஷம் ஏலம் போட்ட மாதிரி கத்துவாங்க, அது ரிங். அது முடிஞ்சு எல்லா உலோகத்தையும் ஒரே நேரத்துல விக்கிற சந்தடிக்குப் பேரு கெர்ப் (கே போட்டு எழுதற அதே கர்ப் தான்), ஒரு காலத்துல கதவு சாத்தினதுக்கு அப்புறமும் ஆளுங்க வெளிய தெருவுல நின்னு பேரம் பேசினதோட மிச்சம் அது. டாக்கா பேப்பர்ல இன்னிக்கும் கள்ள ரேட்டு டாலருக்கு கெர்ப் மார்க்கெட் ரேட்டுன்னு தனியா போடுவாங்க.

இதுல உச்சம் தென்கொரியா. அங்க பேங்குக்கு வெளிய நடக்கற வட்டிக்கடன் மொத்தத்துக்கும் எகனாமிக்ஸ்காரங்க வெச்ச பேரு கர்ப் மார்க்கெட். நம்ம பாஷைல கந்துவட்டின்னு முழுசா சொல்லிட முடியாது, கம்பெனிங்களே அதுல தான் பணம் புரட்டிட்டு இருந்தாங்க, வட்டி கழுத்தை நெரிச்சுச்சு. 1972 ஆகஸ்ட் 3ம் தேதி அந்த நாட்டு அதிபர் பார்க் சுங் ஹீ அவசர ஆணை போட்டு அந்தக் கடனையெல்லாம் ஒரே நாள்ல ஃப்ரீஸ் பண்ணிட்டார், மூணு வருஷம் அசல் கேக்கக் கூடாது, அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துல வாங்கிக்கோ, வட்டி மாசம் 1.35 சதவீதம் தான்னு. கர்ப் மார்க்கெட்டை கர்ப் பண்ணார்னு இங்கிலீஷ்ல எழுதினா அது வார்த்தை விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா நிஜத்துல நடந்தது அது தான். மொத்தமா ஒழிக்கல பாருங்க, அளவு வெச்சார். கடன் கொடுத்தவன் தான் பாவம், அதுல சின்னச் சேமிப்புக்காரங்களும் நிறைய பேர் மாட்டிக்கிட்டாங்க.

அந்தக் கல்லு யாருக்கு விளிம்பு யாருக்குச் சுவருங்கற கேள்வியும் ஒண்ணு இருக்கு. 15 சென்டிமீட்டர் கல்லு நமக்கு ஒரு எட்டு, வீல்சேர்ல போறவங்களுக்கு அது முடிஞ்ச பாதை. அமெரிக்காவுல மிச்சிகன்ல கலமசூங்கற ஊர்ல உலகப்போர்லேர்ந்து திரும்பினவங்களுக்காக 1940கள்லயே முக்குல கல்லைச் சரிச்சு விட்டாங்க. அது பரவினது 1970களோட ஆரம்பத்துல கலிபோர்னியால இருக்கற பெர்க்லில. அங்க யுனிவர்சிட்டில எட் ராபர்ட்ஸ்னு ஒருத்தர், 14 வயசுல போலியோ, மூச்சுக்கே இரும்பு நுரையீரல் மிஷின் வேணும், ஹாஸ்டல்ல அதை வெக்க முடியாதுன்னு கேம்பஸ் ஆஸ்பத்திரில ஒரு பகுதிலயே தங்கிப் படிச்சார். அவரும் அவர் கூட்டாளிங்களும் தங்களுக்கு வெச்சுக்கிட்ட பேர் ரோலிங் குவாட்ஸ், சக்கரத்துல உருளற கை கால் செயலிழந்தவங்கன்னு அர்த்தம். அவங்க நகரசபையை நச்சரிச்சு தெரு முக்குல எல்லாம் சரிவு போட வெச்சாங்க, 1990ல நாடு முழுக்க சட்டமே வந்துச்சு. போட்டதுக்கு அப்புறம் பாத்தா தள்ளுவண்டில குழந்தையை வெச்சுட்டு போற அம்மா, பெட்டி உருட்டற ஆளு, சரக்கு வண்டிக்காரர் எல்லாரும் அந்தச் சரிவுல தான் போறாங்க.

ஆனா கல்லை எடுத்ததும் இன்னொருத்தருக்குப் பிரச்சனை வந்துச்சு, பார்வை இல்லாதவங்களுக்கு. அவங்க கைத்தடியால அந்த விளிம்பைத் தட்டித் தான் நடைபாதை முடிஞ்சு ரோடு ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுப்பாங்க, சரிவுல விளிம்பே இல்ல, நேரா ரோட்டுக்குள்ள போயிடுவாங்க. அதுக்குத் தான் சரிவுல மொட்டு மொட்டா புடைச்ச மஞ்சள் டைல்ஸ். அந்த டைல்ஸ் ஜப்பான்ல செய்யிச்சி மியாகே கண்டுபிடிச்சது, 1967ல ஒகயாமால பார்வையற்றோர் பள்ளி பக்கத்துல முதல்ல போட்டாங்க. சென்னை மெட்ரோ ஸ்டேஷன்ல காலுக்குக் கீழ உறுத்துதே, அதே தான். நம்மூர் விதிப்படி நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு, ரோடு போடறதுக்குத் தரம் வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு எழுதி வெச்சிருக்கு, சென்னைல சில இடத்துல முழங்கால் உயரத்துக்கு ஏறி நிக்குது, அது மேல பைக் மட்டும் எப்படியோ ஏறிடுது.

கர்ப்ங்கற வார்த்தையை வாக்கியத்துல எப்படிப் பயன்படுத்தறதுன்னு நிறைய பேர் பரீட்சைக்காக தேடறீங்க, அதனால அதையும் சொல்லிடறேன். கர்ப் பண்றது பொதுவா ஆளை இல்ல, ஆள்கிட்ட இருக்கற ஏதோ ஒண்ணை. கோபம், பசி, செலவு, பேராசை, அதிகாரம், அப்புறம் பேப்பர்ல பணவீக்கம், புகை, ஊழல். ஆளைப் பிடிச்சு நிறுத்தினா அது ரிஸ்ட்ரெயின், போலீஸ் ரெண்டு பேரைப் பிடிச்சு விலக்கி வெச்சாங்கன்னா அங்க கர்ப் போட்டா சிரிப்பா இருக்கும். ரிஸ்ட்ரெயினுக்குப் பின்னாடி 'ஃப்ரம்' போட்டு இன்னதைச் செய்ய விடாம தடுத்தாங்கன்னு நீட்டலாம், கர்புக்குப் பின்னாடி அந்த வால் ஒட்டாது. நிறைய பேர் இதைத் தான் மாத்தி எழுதறாங்க. பெயர்ச்சொல்லா வந்தா 'ஆன்', கர்ப்ஸ் ஆன் இம்போர்ட்ஸ். தெருக் கல்லு அர்த்தத்துல 'ஆன்' வந்தா அது மேல உக்காந்திருக்கீங்கன்னு அர்த்தம், அது வேற.

அதே குதிரை லாயத்துலேர்ந்து வந்த சொந்தக்காரங்க இன்னும் இருக்காங்க. 'ரெயின் இன்' (rein in)னா லகானை இழுக்கறது, அதுல ஜி எழுத்தே கிடையாது, ஃப்ரீ ரெயின்னு சொல்ல வேண்டிய இடத்துல ராஜா ஆட்சி செய்யற ரெயினை எழுதறது இங்கிலீஷ்காரங்களே தினமும் பண்ற தப்பு. பிரைடில்னா முழுக் கடிவாளம், ஆனா ஒருத்தர் ஒரு பேச்சைக் கேட்டு 'பிரைடில்டு'னா அடங்கினார்னு அர்த்தம் இல்ல, தலையை விசுக்குனு தூக்கி மூஞ்சியைக் காட்டினார்னு அர்த்தம், தலைகீழ். 'செக்' (check), அதுவும் தடுத்து வைக்கிறது தான், அது மட்டும் குதிரைல வரல, செஸ்ல வந்தது, பாரசீக 'ஷா' தான் சுத்திச் சுத்தி வந்து செக் ஆச்சு. ராஜாவுக்கு நெருக்கடி, ஆனா ஆட்டம் முடியல.

தமிழ்ல விலைவாசிக்குக் கடிவாளம்னு தலைப்பு போடறோம் பாருங்க, கர்புக்கு அதை விடப் பொருத்தமான வார்த்தை எனக்கு இதுவரைக்கும் சிக்கல. ஆனா எல்லா இடத்துலயும் போட முடியாது. 2019 செப்டம்பர்ல மும்பைல பி.எம்.சி கூட்டுறவு பேங்க்ல போட்ட பணத்துல ஆறு மாசத்துக்கு 1,000 ரூபாய் தான் எடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லுச்சு, பின்னாடி படிப்படியா ஏத்தினாங்க. ஏஜென்சில கர்ப்ஸ். அங்க ஏடிஎம் வாசல்ல நிக்கிறவர் கிட்ட போய் கடிவாளம்னு சொல்ல முடியுமா, பணம் முடக்கம்னு தான் போடணும்.

கடைசியா பைக் வாங்கறவங்களுக்கு, ஏன்னா இதைக் கேட்டு மெயில் போடறவங்க தான் ஜாஸ்தி. பிரவுச்சர்ல கெர்ப் வெயிட்னு இருக்கறதுக்கும் அடக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல. வண்டி ஆள் இல்லாம தெரு ஓரக் கல்லு பக்கத்துல கிளம்ப ரெடியா நிக்கும்போது என்ன எடையோ அது, ஆயில், கூலன்ட், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் சேத்து. பெட்ரோல் எவ்வளவுங்கறதுல தான் ஊருக்கு ஊர் கணக்கு மாறும், நம்மூர் பிரவுச்சர்ல பெரும்பாலும் டேங்க் 90 சதவீதம்னு ஓரமா பொடி எழுத்துல இருக்கும், ஐரோப்பால கார் எடைல 75 கிலோ டிரைவரையும் சேத்துடுவாங்க, அமெரிக்கால டேங்க் ஃபுல், டிரைவர் இல்ல. டிரை வெயிட்னு போட்டா இதெல்லாம் இல்லாத எடை. 13 லிட்டர் டேங்க்னா பெட்ரோல் மட்டுமே பத்து கிலோ கிட்ட வந்துடும், அதனால ஒரு வண்டியோட டிரை வெயிட்டை இன்னொரு வண்டியோட கெர்ப் வெயிட்டோட வெச்சுப் பாத்து இது லைட்டா இருக்குன்னு ஏமாறாதீங்க. கார் பிரவுச்சர்ல ஏர்பேக் பக்கத்துல எஸ்ஆர்எஸ்னு இருக்கறதுல நடுவுல இருக்கற ஆர் தான் ரிஸ்ட்ரெயின்ட், அது உங்களைப் பிடிச்சு வெக்கிறதுக்கு.